இடது சக்கரம் பிடிக்கவில்லை

ஜூன் 4, செவ்வாய்

பண்ணை மேட்டில் பிக்கப் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஃபோர் வீல் லீவரைப் போட்டேன். இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் திருகை 'லாக்'கில் வைத்தேன். பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்ததுதான் மிச்சம். முன்சக்கரம் அசையவே இல்லை. கடைசியில் டிராக்டர் வந்தது. "மாட்டு டாக்டரம்மாவையே கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கு!" என்று டிராக்டர்காரருக்குச் சிரிப்பு வேறு.

ஜூன் 5

மெக்கானிக் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். "உள்ள கியர் பெட்டி போச்சு டாக்டரம்மா. இந்த வயசுல இதுக்கு வைத்தியம் பாக்குறது வீண். வித்துடுங்க."

என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். சின்னக் கார் போதுமாம். அப்போ மேட்டுப் பண்ணைகளுக்கு?

"வேற யாராவது போவாங்க."

யாரு? இத்தனை வருஷமா யாரு போனா?

ஜூன் 6

எங்களுக்கு நடுவே சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜக் மட்டும் அங்கும் இங்கும் நகர்ந்தது.

ஜூன் 8, சனி

பசு நொண்டினால் எந்தக் கால் என்றுதானே முதலில் பார்ப்போம்? முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். திருகு இரண்டையும் லாக்கில் வைத்துச் சக்கரத்தைக் கையால் உருட்டினேன். வலது சக்கரத்தோடு உள்ளே இருக்கும் தண்டும் சுற்றியது. இடது சக்கரம் தனியாகச் சுற்றியது, தண்டு சும்மா நின்றது.

பெட்டி போகவில்லை! இடது பக்கம் பூட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். விசையெல்லாம் அந்தத் தண்டை வெறுமனே சுழற்றுவதிலேயே போய்விடும். வலதும் இழுக்காது.

ஜூன் 9

இடது சக்கரத் திருகின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே கிரீஸ். மெழுகு மாதிரி இறுகியிருந்தது. பூட்டும் வளையம் அதில் புதைந்து நகர முடியாமல் கிடந்தது. எந்தப் புண்ணியவான் இப்படி அப்பினான்?

பின்னால் வந்து நின்றார் இவர்.

"நான்தான். போன வருஷம். நீ தெனம் சேத்துல போறியேன்னு... நெறையப் போட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்து தொலைத்தது. அவருக்கும்.

மண்ணெண்ணெயில் கழுவினோம். லேசாகக் கிரீஸ் தடவி மூடினோம். திருகைத் திருப்பினேன் — டக். அவர் உருட்டினார். தண்டு சுற்றியது.

"இப்பவும் விக்கணுமா?"

"பாக்கலாம்."

இதற்கு என்ன அர்த்தம்?

ஜூன் 12

பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே திரும்பிக் கிடக்கிறது என்று காலையில் மேட்டுப் பண்ணையிலிருந்து போன். நல்ல மழை. பையை எடுத்துக்கொண்டு வந்தால் இவர் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாராம்.

"நீங்க எதுக்கு?"

"சும்மாதான். ஓட்டு."

மேட்டில் முன்சக்கரங்கள் கவ்வி இழுத்தன. இவர் ஜன்னல் வழியே எட்டி இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கன்றைத் திருப்பி வெளியே எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. தாயும் கன்றும் நலம்.

திரும்பும்போது சாவியை அவரிடம் கொடுத்தேன். பாதி இறக்கத்திலேயே தூங்கிவிட்டேனாம்.