கல்லுக்கோயிலின் கல்வெட்டு

11 செப்டம்பர் 2025

ஊரில் எங்கள் கல்லுக்கோயிலை இடித்து, மண்டபத்தோடு புதிதாகக் கட்டலாமா என்று போதகர், பாரிஸில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தைக் கேட்டிருக்கிறார். ஒக்டோபர் ஐந்தாம் தேதி லா கூர்னெவ்வில் கூட்டம். நாங்கள் ‘ஓம்’ என்றால் தை மாதம் இடிப்பார்கள். தலைவர் பிரசாந்தன் ஓம் பக்கம். நான் மறுபக்கம். எனக்கு ஞானஸ்நானம் அங்கே. அம்மாவின் சவப்பெட்டி வெளிக்கிட்டதும் அந்த வாசலால்தான்.

வரலாறு எழுதிக் கூட்டத்தையே மடக்கப்போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் பாரிஸில் ரூ பஜோல் தெருவில் தேர் ஓடிய அன்று பொலிசுக்கே வழி சொன்னவன்.

14 செப்டம்பர்

எழுதி முடித்தேன். முதல் வெள்ளைக்காரப் பாதிரியார் மாட்டுவண்டியில் வந்தார். முருகைக்கற்களைக் கடலிலிருந்து தனியாளாகச் சுமந்தவர் என் பூட்டன். பாதிரியாருக்கு ஒடியற்கூழ் பழக்கியதும் அவரே — யார் மறுக்கப்போகிறார்கள்? வாசலுக்கு மேல் 1841 என்று இருக்கிறது. 1821 என்று போட்டேன். கல்லுக்கு இருபது வருஷம் ஒரு கணக்கா?

“மாமா, செ ஃபோ!” என்றாள் தங்கை மகள் நிரோஜினி. பொய்யாம். அலங்காரம் என்றேன்.

17 செப்டம்பர்

ரூ பெர்தொனேயில் கலியாணக் கார்டு அடிக்கும் சேந்தனிடம் கொடுத்தேன். தலைப்புக் கேட்டான். அரசர்களுக்கு நான் குறைந்தவனா? ‘கல்வெட்டு’ என்றேன்.

“எப்ப அண்ணை இடிக்கினம்?”

தை பத்து என்றேன். குறித்துக்கொண்டான். அக்கறையான மனுசன்.

5 ஒக்டோபர்

சேந்தன் அனுப்பிய புத்தகக் கட்டைக் கூட்ட மண்டபத்தில்தான் பிரித்தோம். நான் பார்க்குமுன் எல்லார் கையிலும் போய்விட்டது. கறுப்புக் கரை. ‘அமரர் கல்லுக்கோயில்’. தோற்றம் 1821. மறைவு தை 10, 2026. கடைசிப் பக்கத்தில் மலர்வளையம் வைத்தவர்களுக்கு நன்றி.

ஐயோ! செத்தவீட்டுப் புத்தகத்தையும் நாங்கள் கல்வெட்டு எண்டுதானே சொல்லுறது! என்ரை வாயாலை நானே —

சேந்தனுக்குப் போன் அடித்தேன். “நீங்கள்தானே கல்வெட்டு எண்டனியள்? தேதியும் தந்தனியள்!”

“அண்ணை, நீங்கள் எழுதினா உயிரோடை இருக்கிறதும் செத்துப்போகும்” என்றான் பிரசாந்தன். ஒருவரும் சிரிக்கவில்லை. எண்பத்திரண்டு வயது சிசிலியா அக்கா தலைகுனிந்து எழும்பி நின்றார். அஞ்சலிக்கு எழும்பிப் பழக்கம்தானே, எல்லோரும் எழும்பினார்கள். பிரசாந்தனும்.

பிறகு அவன் இடிக்கும் தீர்மானத்தை வாசித்தான். ஒரு கையும் உயரவில்லை.

“இப்பதானே எழும்பி நிண்டனாங்கள். இனி எப்பிடி இடிக்கச் சொல்லுறது?” என்றார் அக்கா.

6 ஒக்டோபர்

எல்லாம் என் திட்டம் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னேன்.

31 சனவரி 2026

போதகர் படம் அனுப்பியிருக்கிறார். கூரை ஓடு மாற்றுகிறார்கள். சுவர் அப்படியே.

பின்னேரம் சிசிலியா அக்கா போன் எடுத்தார். வீட்டை விற்று அவரை முதியோர் இல்லத்தில் விடப் பிள்ளைகள் கையெழுத்துக் கேட்கிறார்களாம்.

“தம்பி, எனக்கும் இப்பவே ஒரு கல்வெட்டு எழுது. பிள்ளையள் ஒருக்கா எழும்பி நிண்டு பாக்கட்டும்.”

பேனையோடு லா கூர்னெவ்வில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் சொன்னார். அவர் சொன்னதை மட்டும் எழுதினேன்.