பாலத்துக்குப் பச்சைக் கைப்பிடி

ரிவியேர் தே ஸாங்கீய்,
4 செப்டம்பர் 1938

அன்புள்ள தெய்வானைக்கு,

இந்தத் தீவின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் நேற்றைய மாலையைத் தாண்டிப் போக முடியாது. நீண்ட விவாதத்துக்குப் பின், நம் ஆற்றுப் பாலக் குழு கைப்பிடிக்குப் பச்சை வண்ணம் அடிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வண்ணமும் வாங்கியாயிற்று. போன வருடக் கலவரத்துக்குப் பின் தொழிலாளர்களைச் சமாதானப்படுத்தத் தோட்டத்துரை வாக்களித்த பாலம் என்பதால், கல்லும் இரும்பும் அவர் பொறுப்பு.

குழுச் செயலாளன் என்ற முறையில் இன்னொரு தீர்மானமும் நிறைவேற்றினேன். பாலத்தின்மேல் முதலில் வரும் வண்டி நம் கல்யாண வண்டி. தன் மருமகள் சேலை நனைந்து ஊருக்குள் வரக்கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். என்னுடையதும்.

உன் அத்தான்,
விநாயகம்

அக்கரை,
6 செப்டம்பர் 1938

அன்புள்ள அத்தானுக்கு,

பச்சை நல்ல நிறம். பாலம் எப்போது என்று அம்மா கேட்கிறாள்.

உங்கள் கடிதத்தைச் சலவைக்கார எவெலின்தான் கொண்டுவந்தாள். தலையில் துணிமூட்டையோடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் நடந்தே வந்தாள். "மாம்ஸெல், உன் மாப்பிள்ளை என்ன சர்க்கரையா? முழங்கால் தண்ணியில கரைஞ்சிடுவாரா?" என்றாள். என்ன பதில் சொல்ல?

உங்கள்,
தெய்வானை

ரிவியேர் தே ஸாங்கீய்,
20 மே 1941

அன்புள்ள தெய்வானைக்கு,

நடு ஆற்றில் தூண் எழும்பிவிட்டது. ஒன்றுதான். மற்றதற்கு வேண்டிய இரும்பு யுத்தத்துக்குப் போய்விட்டது. யுத்தத்துக்கும் ஒரு குழு இருக்கும், நம்மை முந்திவிட்டார்கள். தூணுக்கும் வண்ண டின்களுக்கும் காவலாகக் கொத்தனார் ராஜனை அமர்த்தியிருக்கிறோம்.

அப்பா போய்விட்டாலும் அவர் சொல் இருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் அத்தான்,
விநாயகம்

அக்கரை,
12 ஆகஸ்ட் 1946

அன்புள்ள அத்தானுக்கு,

யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிவிட்டது. துரையும் தோட்டத்தை விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போய்விட்டாராம். அம்மா இப்போது பாலத்தைப் பற்றிக் கேட்பதில்லை; வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்கிறாள்.

வருகிற ஞாயிறு காலை நான் ஆற்றில் இறங்குகிறேன். கைப்பிடி வேண்டாம். கரையில் நின்று நீங்கள் கை நீட்டினால் போதும். சேலை நனைந்தால் காயும்.

உங்கள்,
தெய்வானை

ரிவியேர் தே ஸாங்கீய்,
19 ஆகஸ்ட் 1946

அன்புள்ள தெய்வானைக்கு,

நேற்று நான் வராததற்குக் கோபிக்காதே. கியூர்பிப் நகரத்திலிருந்து ஒரு பொறியாளர் திடீரென்று வந்து, கைப்பிடிக்குச் சாம்பல் நிறமே பொருத்தம் என்றார். குழுவில் பாதிப்பேர் மயங்கிவிட்டார்கள். நான் மட்டும் எழுந்து பேசியிருக்காவிட்டால் பச்சை தோற்றிருக்கும். இரண்டு வாக்கில் வென்றோம்!

அடுத்த ஞாயிறு கூட்டம் இல்லை.

உன் அத்தான்,
விநாயகம்

3 ஜனவரி 1947

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

அந்த ஞாயிறு ஆற்றில் இறங்கித் தூண்வரை வந்ததும் கல் வழுக்கிவிட்டது. தூணின்மேல் உட்கார்ந்து விலாங்கு பிடித்துக்கொண்டிருந்த ராஜன் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கை நீட்டினார். உங்கள் வீடு பூட்டியிருந்தது. எவெலின் வீட்டில் சேலை காயும்வரை அவரும் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகச் சிரிக்க வைக்கிறார்.

இந்தத் தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். நீங்கள் அவசியம் வர வேண்டும். பந்தல் உங்கள் கரையில்தான், நனையாமல் வரலாம். பந்தல்கால்களுக்குப் பச்சை வண்ணம் அடித்தாயிற்று.

தெய்வானை