மனுவில் எழுதாதது

கொட்டகையில் சாத்தியிருக்கும் பழைய நுகத்தடி கண்ணில் பட்டால் போதும், என் கை தானாகப் பிடரிக்குப் போய்விடுகிறது. நீ கண்ணை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று காலையும் அப்படித் தடவிக்கொண்டு நின்றபோதுதான் எதிர்வீட்டுத் தம்பி, படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு மனுவோடு வந்தான்.

சமஸ்தானம் போய்க் கலெக்டர் ஆட்சி வந்த புதிது. உன்னைக் கட்டிக்கொண்டு வந்த மறு வருஷம். போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு வீட்டுக்கு என் மாட்டுவண்டியில் இனாமாக விறகு ஏற்ற முடியாது என்றேன். சந்தை நாளாகப் பார்த்து என்னை வண்டியோடு இழுத்துப் போனார். மாடுகளை அவிழ்த்துவிட்டு, என்னைக் கோவணத்தோடு நுகத்தில் பூட்டி, கூட்டம் பார்க்க வண்டியை இழுக்க வைத்தார். வண்டியையும் மாடுகளையும் ஸ்டேஷனிலேயே நிறுத்திக்கொண்டார். நம் வீட்டில் அடுப்பெரிய அது ஒன்றுதான் வழி.

திருவரங்குளத்தில் முகாமிட்டிருந்த டெபுடி கலெக்டரிடம் மனுக் கொடுக்க நீதான் என்னைக் கிளப்பினாய். "ஏட்டு என்னை அவமானப்படுத்தினார்" என்று மட்டும் எழுத வைத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "என்ன செய்தார்? அதைச் சொன்னால்தானே நான் விசாரிக்க முடியும்?" என்றார். சுற்றிலும் நம் ஊர்க்காரர்கள். சந்தையில் வாய் கிழியப் பேசுகிற எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "திட்டினாருங்க" என்றேன். அவர் மனுவைத் தள்ளி வைக்கப் போனார்.

நீ முன்னால் வந்தாய். "திட்டலைங்கய்யா. எம்புருசனைக் கோவணத்தோட நிக்க வச்சு, மாட்டுக்குப் பதிலா நொகத்துல பூட்டுனாங்க. பிடரியைப் பாருங்க, தோலு உரிஞ்சு கெடக்கு" என்று என் துண்டை எடுத்துவிட்டாய். எனக்கு உயிரே போய்விட்டது.

அந்த வாரமே வண்டி கிடைத்தது. விசாரணை நடந்து ஏட்டையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான்தான் உன் முகத்தைப் பார்க்காமலே வண்டியை ஓட்டி வந்தேன். வழியில், "ஊரறியச் சொல்லிப்புட்டியேடி" என்று அழுதேன்.

"அவன் ஊரறியத்தானே செஞ்சான்? செஞ்சவனுக்கு இல்லாத வெக்கம் ஒங்களுக்கு எதுக்கு?" என்றாய்.

பிறகும் எத்தனையோ வருஷம் அந்தச் சந்தைப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையில் வண்டி ஓட்டினேன். தெரிந்தும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று இவன் நீட்டிய மனுவிலும் "போலீஸ்காரர் தகாத முறையில் நடந்துகொண்டார்" என்றுதான் இருந்தது. இந்தச் சித்திரை வெயிலில் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

"என்னப்பா செஞ்சாங்க?"

தலையைக் குனிந்துகொண்டான். "சும்மா அடிச்சாங்க மாமா."

எனக்கு வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனால் உன் வார்த்தையும் கூடவே இருக்கிறது. தோளிலிருந்து துண்டை எடுத்தேன். "இங்கிட்டு வா. என்னைய நொகத்துல பூட்டுனாங்கப்பா. கோவணத்தோட" என்றேன்.

என் வாயால் அதைச் சொன்னது இதுவே முதல் தடவை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு மெல்ல முதல் பித்தானைக் கழற்றினான்.