மரித்தோர் மாதத்துப் பெயர்கள்

1.10.1990, திங்கள்

மூன்று மாதத்துக்குப் பிறகு வீடு. யாழ்ப்பாணக் கோட்டையை விட்டு ஆமி போய்விட்டது என்று தெரிந்ததும் அண்ணை பொறுக்கவில்லை. "இனியும் அரியாலையிலை ஆற்றையோ விறாந்தையிலை கிடக்கேலாது, வெளிக்கிடு" என்றார். சைக்கிளில் வந்து சேர்ந்தோம்.

குசினிக் கூரையில் ஷெல் விழுந்து அடுப்புக்கு மேலே வானம் தெரிகிறது. என் தையல் மெசின் மழையில் ஊறி இறுகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சுஹைரும் மனைவி நஜ்முன்னிஸாவும் எங்களுக்கு முந்தியே திரும்பியிருந்தார்கள். மெசினைத் தங்கள் அறைக்குத் தூக்கிப் போய், எண்ணெய் போட்டு, துணியால் மூடி வைத்திருந்தார்கள். சுஹைர் தையல்காரர் அல்லவா, மெசின் கெட்டால் மனம் பொறுக்காது.

அவருடைய தாய் றஹ்மத்தும்மா வழக்கம்போலக் கட்டிலில். கால் இரண்டும் விளங்காமல் போய் இரண்டு வருடமாகிறது. என்னைக் கண்டதும், "மெலிஞ்சு போனாய் கத்தரீனா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

தையல் வகுப்பு எப்போது தொடங்குமோ. அளவு எழுதும் கொப்பி சும்மா கிடக்கிறது. அதில் இதை எழுதுகிறேன்.

3.10.1990, புதன்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், பூசையில் வாசகம் வாசிக்கிற செபமாலை மாஸ்டர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டாராம். பங்குச் சுவாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"இனி ஞாயிறுகளிலை நீர் வாசியும்."

"எனக்கு வேதம் ஒண்டும் தெரியாது சுவாமி. செபமாலை சொல்லுவன், அவ்வளவுதான்."

"தெரியாட்டி வாசிச்சுத் தெரிஞ்சுகொள்ளும்" என்று தன்னுடைய பழைய வேதாகமத்தைத் தந்தார். பூச்சி அரித்த தடித்த புத்தகம். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அதைக் கையில் எடுக்கிறேன். சொல்ல வெட்கம்தான்.

7.10.1990, ஞாயிறு

வாசித்தேன். குரல் நடுங்கவில்லை என்றார் அண்ணை. ஆனால் நான் வாசித்தது என்ன? பீடத்தை விட்டு இறங்கும்போது ஒரு வரிகூட நினைவில்லை. பட்டுத்துணியை வெட்டாமல் தடவிப் பார்த்துவிட்டு வைத்த மாதிரி.

நாளையிலிருந்து காலையில் ஒவ்வொரு அதிகாரம்.

12.10.1990, வெள்ளி

விடிந்ததும் குசினி வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறேன். சத்தமில்லாமல் வாசித்தால் மனம் எங்கோ ஓடிவிடுகிறது. இன்று, தமையன்மார் தம்பியைக் குழிக்குள் தள்ளிவிடுகிற கதை. வாசித்து முடிக்க வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நஜ்முன்னிஸா:

"உந்தக் கதை எங்கடையிலையும் இருக்கக்கா."

"தள்ளிப்போட்டு இருந்து சாப்பிட்டினமாம். அதுவும் இருக்கோ?"

"அது தெரியேல்லை. அவன் உள்ளுக்கை கத்த, இவைக்குச் சாப்பாடு எப்படி இறங்கினது?"

அந்தக் கேள்வியோடுதான் இன்று முழுவதும் இருந்தேன். எத்தனையோ வருடம் 'கடவுளே, தாரும், காப்பாற்றும்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் என்னிடம் ஏதும் கேட்கக்கூடும் என்று நினைத்ததில்லை.

17.10.1990, புதன்

ஆமி போன பிறகு ஊரை ஆள்கிற இயக்கம், சாவகச்சேரியில் முஸ்லிம் ஆக்களை வெளியேறச் சொல்லிவிட்டதாம். அண்ணை சந்தையில் கேட்டு வந்து மெல்லிய குரலில் சொன்னார். சுஹைரும் கேள்விப்பட்டிருந்தார். வேலியில் நின்று, "எங்களை ஒண்டும் செய்யமாட்டினம் அக்கா. நாங்கள் ஆருக்கு என்ன செய்தனாங்கள்?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்கே சொன்னாரா?

அவர் போன பிறகு அண்ணை: "நீ இதுக்குள்ளை வாய் வையாதை. போன கிழமை ஒரு வாத்தியார் எதையோ கதைச்சவரெண்டு கூட்டிக்கொண்டு போனவை. இன்னும் வரேல்லை."

21.10.1990, ஞாயிறு

வாசிக்க வாசிக்க ஆறுதல் வரும் என்று சொல்வார்கள். எனக்கு வருவது வேறொன்று. புத்தகத்தில் யாரைப் பார்த்தாலும் ஆடு மேய்த்துக்கொண்டோ, வலை கழுவிக்கொண்டோ, தூங்கிக்கொண்டோ இருக்கிறார்கள். திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறார்கள். ஒருவருக்கும் அவகாசம் கொடுக்கப்படவில்லை.

ஆண்டவரே, என்னைக் கூப்பிட்டுவிடாதேயும் என்று செபித்தேன். இப்படி ஒரு செபம் உண்டா?

26.10.1990, வெள்ளி

மன்னாரிலும் வெளியேற்றத் தொடங்கிவிட்டார்களாம். நஜ்முன்னிஸா இன்று வேலிப் பக்கம் வரவில்லை.

30.10.1990, செவ்வாய்

எழுதவேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரிச் சொல்லிவிடுவேன்.

காலை பத்தரை இருக்கும். ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் வீட்டு முன் ஒழுங்கையால் போனது. முஸ்லிம் வீடுகளில் வீட்டுக்கொருவர் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். சுஹைர் போனார். ஓடி வந்தார். ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம்தான். உடுப்பு மட்டும். நகை கொண்டுபோகக்கூடாது.

நஜ்முன்னிஸா வேலிக்கு வந்தாள். அழவில்லை. முகம் சாம்பலாயிருந்தது.

"அக்கா, சந்தியிலை வண்டில் ஒண்டும் விடமாட்டினமாம். நடந்து போகட்டாம். மாமியை என்ன செய்யிறது? அங்கை பொம்பிளையளைச் சோதிக்கிறது உங்களிட்டைத் தையல் படிச்சு இயக்கத்துக்குப் போன தவமலர். நீங்கள் வந்து ஒரு சொல்லுச் சொன்னா, தள்ளுவண்டிலிலை கொண்டுபோக விடுவாள். அவ்வளவுதான் அக்கா. ஒரு சொல்லு."

"ஓம். சீலையை மாத்திக்கொண்டு வாறன்" என்றேன்.

உண்மையாகத்தான் சொன்னேன். அறைக்குள் போனேன். சீலையைக் கையில் எடுத்தேன். அப்போது அந்த வாத்தியாரின் நினைவு வந்தது. கட்டிலில் இருந்தேன். வேதாகமம் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்தேன் — எதற்கு? வாசிக்கவா? இல்லை. மறைவுக்கு. கூப்பிட வந்தால் செபம் செய்கிறேன் என்று காட்டுவதற்கு. வேறென்ன!

"கத்தரீனாக்கா..."

கொஞ்சம் கழித்து இன்னொரு தரம். "கத்தரீனாக்கா!"

நான் வாய் திறக்கேல்லை. அண்ணை வந்து வாசல் படலையைப் பூட்டினார். "உள்ளை இரு" எண்டார். நான் உள்ளைதானே இருந்தனான். ஆரும் சொல்லாமலே உள்ளைதானே இருந்தனான்.

பிறகு ஒழுங்கையில் நிறையக் கால்களின் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

31.10.1990, புதன்

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமுமில்லை. வாசிக்கவில்லை.

3.11.1990, சனி

தவமலர் வந்தாள். வெறுமையாய்க் கிடக்கிற வீடுகளை எண்ணி எழுதுகிறார்களாம். சீருடையில் ஆளே மாறிப் போயிருந்தாள். ஆனால் கழுத்துப் பட்டியின் தையல் கோணலைக் கண்டதும் என் மாணவி என்று தெரிந்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "றஹ்மத்தும்மாவை எப்பிடிக் கொண்டு போச்சினம்?"

"மகன் முதுகிலை சுமந்துகொண்டு போனவர்."

"வண்டில்..."

"விடவேண்டாமெண்டுதான் சொன்னவை. ஆனா ஏலாத ஆக்களெண்டு ஆரும் வந்து கேட்டிருந்தா நான் விட்டிருப்பன் டீச்சர். ஒருத்தரும் கேக்கேல்லை."

குற்றம் சொல்லவில்லை. கிளாசைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவர்களுடைய கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

6.11.1990, செவ்வாய்

பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். சுவாமி பாவப் பொறுத்தல் தந்தார். "பயம் ஆருக்குத்தான் இல்லை" என்றார்.

திரும்பி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தேன். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனை, மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு முதலில் சமாதானமாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிற இடம். நான் எங்கே திரும்பிப் போவேன்? வேலிவரை போகலாம். அதற்கப்பால் ஆளில்லை.

மூடி வைக்கலாம் என்றிருந்தது. மூடவில்லை. முதல்முறையாக ஒன்றும் கேட்காமல், ஒரு சாட்டும் சொல்லாமல், ஆண்டவர் முன்னால் சும்மா இருந்தேன். கொடுமையாக இருந்தது. ஆனாலும் எழும்பிப் போக மனம் வரவில்லை.

19.11.1990, திங்கள்

வவுனியாவுக்குப் போய்ச் சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் கட்டி வருகிற மார்க்கண்டு படலையில் வந்து நின்றார். சுஹைரை அங்கே அகதி முகாமில் கண்டாராம்.

"கிழவி வழியிலை முடிஞ்சுது பிள்ளை. இரண்டாம் நாள். மழை. றோட்டுக்கரையிலை ஒரு பாலை மரத்தடியிலை அடக்கினவையாம்."

அவர் சைக்கிளில் ஏறப்போய்த் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை நஜ்முன்னிஸா உம்மைக் கேட்டது. 'அக்கா வாறனெண்டு சொன்னவ, வரேல்லை. அவவுக்கு ஏதும் ஆபத்தோ, ஆரும் பிடிச்சவையோ' எண்டு விசாரிச்சது. சுகமா இருக்கிறீரெண்டு சொல்லவோ?"

24.11.1990, சனி

நவம்பர் மரித்தோர் மாதம். இறந்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் பூசைக்கு முன் வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். வாசிப்பவள் நான். இன்று என் துண்டையும் சுவாமியிடம் கொடுத்தேன்.

"இது ஆர்?"

"பக்கத்து வீட்டு அம்மா."

"முஸ்லிம்."

"ஓம் சுவாமி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "வாசியுமெண்டு நான் சொல்லேல்லை. வேண்டாமெண்டும் சொல்லேல்லை."

அண்ணையிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

25.11.1990, ஞாயிறு

நாற்பத்தொரு பெயர். கடைசியாக, "றஹ்மத்தும்மா" என்று வாசித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நடக்க ஏலாதவ. துரத்தப்பட்டுப் போற வழியிலை செத்தவ. அவவுக்காக ஒரு சொல்லுக் கேக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டவை. நான் போகேல்லை. இவவுக்காகவும் எனக்காகவும் மன்றாடுங்கோ."

பதில் வரச் சுணங்கியது. பிறகு பின்வரிசையில் ஒரு கிழவரின் குரல், "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்றது. அதற்குப் பிறகு இன்னும் சிலர். எல்லாரும் இல்லை.

வெளியே வரும்போது ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

28.11.1990, புதன்

இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து துண்டு தந்துவிட்டுப் போனார்கள். நாளை காலை பத்து மணி. விசாரணைக்கு.

29.11.1990, வியாழன், காலை

அண்ணை, "சைக்கிளிலை கூட்டிக்கொண்டு போறன், ஏறு" என்கிறார். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை அவர். "பயமில்லையோ?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். இருக்கிறது. ஆனால் இந்த முறை வெளிக்கிட்டுவிட்டேன்.

15.12.1990, சனி

நேற்றுப் பின்னேரம் விட்டார்கள். பதினாறு நாள்.

அடிக்கவில்லை. ஜன்னல் பலகை அடித்த ஒரு அறை. ஆர் எழுதித் தந்தது, ஆர் பின்னாலை நிக்கிறது — ஒவ்வொரு நாளும் இதே கேள்வி. அந்த அம்மா வழியில் இறந்தது பொய், அப்படிச் சொன்னது பிழை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு. பேனையைக் கையில் எடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

புத்தகத்தை உள்ளே விடவில்லை. அதனால்தான் தெரிந்தது, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று. அக்டோபரில் அரைகுறையாக வாசித்த பகுதிகள் ஒவ்வொன்றாக வந்தன. விடுதலை கிடைக்கும் என்று அவை சொல்லவில்லை. ஆனால் அறையில் நான் தனியே இருக்கவில்லை. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முன்பு செபம் சொன்னபோதெல்லாம் தூரத்தில் இருக்கிற ஒருவருக்குக் கடிதம் போட்ட மாதிரி. அங்கே அப்படி இல்லை.

என்னை விட்டது எப்படி என்று வாசலில் காவல் நின்றவர் சொன்னார். தவமலர் தானாக வந்தாளாம். "சந்தியிலை நிண்டது நான். டீச்சர் பொய் சொல்லேல்லை" என்று பொறுப்பாளர் முன்னால் சொன்னாளாம். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. கூப்பிடவுமில்லை.

"இப்ப எங்கை அவள்?" என்றேன்.

"வேறை இடத்துக்கு மாத்தியாச்சு. சண்டைக்கு, முன்னுக்கு."

16.12.1990, ஞாயிறு

கோயிலில் வேறொரு பிள்ளை வாசித்தாள். சுவாமி என் பக்கம் பார்க்கவில்லை. வேதாகமத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீரே வைச்சிரும்" என்று மட்டும் சொன்னார்.

2.3.1991, சனி

மார்க்கண்டு வவுனியாவுக்குப் போகிறார். நஜ்முன்னிஸாவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை, கட்டிலில்தான் இருந்தேன் என்று எழுதினேன். நாலு வரி.

20.4.1991, சனி

பதில் இல்லை. கடிதம் கையில் கிடைத்ததாம். வாசித்துவிட்டு மடித்து வைத்தாளாம். மார்க்கண்டுக்குத் தேத்தண்ணி கொடுத்தாளாம்.

28.7.1991, ஞாயிறு

ஆனையிறவில் சண்டை தொடங்கிப் பதினெட்டு நாள். காற்று அடங்கிய நேரத்தில் அதிர்வு இங்கேயும் கேட்கிறது. நாள்தோறும் ஒலிபெருக்கியில், சண்டையில் இறந்த பிள்ளைகளின் பெயர்கள். வீட்டில் வைத்த பெயரும் சொல்வார்கள், ஆனால் முதலில் வருவது இயக்கத்தில் வைத்த பெயர். சத்தம் தூர விலகிப்போக மற்றது காதில் விழுவதில்லை.

தவமலருக்கு அங்கே என்ன பெயர்? தண்ணீர் கேட்டு வந்த அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வாகனம் ஒழுங்கைக்குள் வரும்போது படலையைத் திறந்துகொண்டு வெளியே போய் நிற்கிறேன். எதுவும் அவளுடையதாக இருக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன். காலையில் வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுகிறேன். இன்று பத்தொன்பது. அதில் ஏழு பெண் பிள்ளைகள்.

அண்ணையும் இப்போது பக்கத்தில் வந்து இருக்கிறார். நான் விட்ட பெயர்களை அவர் சொல்கிறார்.