மாப்பிள்ளை வீட்டார் பார்க்கச் சொன்ன வீடு

ஜூலை 7, திங்கள்

கல்முனை நீதிமன்றப் பதிவறை. சட்டத்தரணி தங்கேஸ்வரி அக்காவுக்காகப் பழைய காணி வழக்குகளைத் தேடிக் கொடுக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், காலையில் மட்டும். இப்போது வருவதில் பாதி கலியாண வேலை. இங்கெல்லாம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வருமுன் அந்த வீட்டில் வழக்கு ஏதும் உண்டா என்று அவர்கள் பார்ப்பார்கள். நியாயந்தான்.

இந்த வேலையின் நன்மைகள்: மின்விசிறி உண்டு. பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். பதிவறையில் யாரும் ‘கலியாணம் இன்னும் சரிவரல்லியா?’ என்று கேட்பதில்லை. அவரவருக்கு அவரவர் வழக்கு.

ஜூலை 9, புதன்

சம்மாந்துறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஷிப்லி, நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. வந்ததிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் என்று நினைத்தேன்.

அவருடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேலயெல்லாம் எதுக்கு மகள்? கலியாணத்தோட உட்டுருங்க” என்றார். எங்கள் உம்மா முந்திக்கொண்டா: “ஓம் ஓம், அரைநேர வேலதானே. உட்டுருவா.”

இது மூன்றாவது சம்பந்தம். உம்மாவின் அவசரம் புரிகிறது. கோபமும் வருகிறது.

ஷிப்லி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பழைய வழக்குக் கோவைத் தூசு ஒத்துக்குதா?” இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

ஜூலை 14, திங்கள்

அக்கா ஒரு துண்டுக் கடதாசியைத் தந்தா. சம்மாந்துறை ஆட்களாம். கலியாணத்துக்குப் பார்க்க வேண்டுமாம். பெயர் இல்லை, கல்முனைக்குடி, வீதி, வளவு இலக்கம் மட்டும்.

“அக்கா, இது எங்கட வீடு.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. “பிரகாஸிட்டக் குடுக்கட்டா?” பிரகாஸ் அக்காவின் உதவிச் சட்டத்தரணி.

“வேணாம். நானே பாக்கிறன். அவர் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கட்டும்.”

கூரையைப் பார்த்தது வெட்கமில்லை.

ஜூலை 16, புதன்

எங்கள் வளவுக் காணியில் ஒரேயொரு வழக்கு. நான் பிறக்குமுன் நடந்தது. வேலித் தகராறு. இரண்டு பக்கமும் வராததால் தள்ளுபடி. பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் எங்களுக்குக் கஞ்சி அனுப்புகிறார்.

அறிக்கையில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தை நிரப்ப வீட்டு அலுமாரியிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தேன். வாப்பா ஹஜ்ஜுக்குப் போகுமுன் எழுதியது. கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. வாசித்தது இன்றுதான். உரிமையாளர்: முத்தலிப் அஸ்னா. நான்.

எத்தனை பெண்களின் பெயரை இந்த இடத்தில் எழுதியிருப்பேன்? ஒருநாளாவது யோசித்தேனா? வாறது அவங்க. வீடு என்ட. அப்ப நிபந்தனை போடுறது ஆரு? சரி, கையைக் கட்டிக்கொண்டு எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தது ஆரு? அதுவும் நான்தான்.

ஜூலை 17, வியாழன்

வேலையை விடமாட்டேன் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. வாப்பா இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஷிப்லியின் உம்மாவுக்கு நானே போன் எடுத்தேன்.

“மாமி, எங்கட வீட்டுல வழக்கொண்டுமில்ல. றிப்போட் வரும். நான்தான் பாத்த.”

“நீங்களா?” என்றார்.

“அந்த வேலய உடமாட்டன் மாமி. அன்டைக்கே சொல்லியிருக்கணும்.”

“மகனோட கதச்சிப் பாக்கிறன்” என்று வைத்துவிட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

சம்மாந்துறையிலிருந்து ஒரு கதையும் இல்லை. பயமாக இருக்கிறது. தூசு ஒத்துக்குதா என்று கேட்ட ஒரு ஆளுக்காக இப்படி அழுவார்களா? ஓம், அழுவார்கள் போல.

ஜூலை 23, புதன்

அறிக்கையை எடுக்க ஷிப்லியே வந்தார். முகமெல்லாம் தூசோடு நின்றேன். ஒரு பெட்டி முகக்கவசத்தை மேசையில் வைத்தார்.

“உம்மா ஒண்டு கேக்கச் சொன்ன” என்றார்.

செத்தேன் என்று நினைத்தேன்.

“கூடப்பொறந்த ராத்தாட மகளுக்கு மாப்பிள பேசுறாங்க. மாப்பிள ஊட்டார் பாக்கமுந்தி எங்கட வளவ நாங்க பாக்கணுமாம். நீங்க வேலய உட்டா ஆரு பாக்கிறெண்டு உம்மா கவலப்படுறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவ உடமாட்டா எண்டு சொன்னன். உட வேணாமெண்டும் சொன்னன்.”

அவர் போன பிறகு ஒரு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டேன். சிரிப்பதை அக்கா பார்க்கக்கூடாது.

செப்டம்பர் 15, திங்கள்

கலியாணம் முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தாயிற்று. அவருக்கு லீவு. எனக்குப் பதிவறை. வாப்பாவும் உம்மாவும் விடியவே மருதமுனைக்குப் போய்விட்டார்கள். நான் புறப்படும்போது அவர் வாசலில் நின்று, கொஞ்சம் தயங்கி, “வாசல் பூட்டுத் திறப்பு ஒண்டு எனக்கும் தருவீங்களா?” என்று கேட்டார்.

“யோசிச்சுச் சொல்றன்” என்றேன். “இது அரைநேர வேலதானே. நான் வரும்வரைக்கும் உள்ளுக்கயே இருங்க.”

வரும் வழியில் அவருக்கென்று ஒரு சாவி வெட்டுவித்துக்கொண்டு வந்தேன்.