பிரமிட் வாதத்திலிருந்து நான் வெளியேறவில்லை

அனுப்புபவர்:
திருமதி வீரபாகு ராக்காயி,
பாலையடி,
தர்மபுரம், கிளிநொச்சி.

பெறுபவர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை,
கிளிநொச்சி மாவட்டம்.

விடயம்: பாலையடி வாசிகசாலையின் 24.08.2025 திகதிக் கூட்ட அறிக்கையில் என்னைப் பற்றி எழுதப்பட்ட பிழையைத் திருத்துவித்தலும், ஞாயிறு வாதத்தில் பேசச் சாதாரண தரச் சித்தி வேண்டும் என்ற புதிய விதியை நீக்குவித்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது எழுபது. மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஆறாம் வகுப்பு அங்கே இருக்கவில்லை. 1977 கலவரத்தின் பின் கணவரோடும் கைக்குழந்தையோடும் வன்னிக்கு வந்து, காடு வெட்டி, இன்றுவரை நெல் செய்கிறோம். இந்த மனுவை நானே எழுதினேன். பேத்தி பிரஷாந்தினி எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாள். வசனம் எதையும் மாற்ற நான் விடவில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். இந்த மனுவுக்கு அது தேவையில்லாத விபரம் என்று அவளே சொன்னாள். ஆனாலும் எழுதியிருக்கிறேன்.

2. எங்கள் வாசிகசாலையில் மூன்று வருடமாக ஞாயிறு பின்னேரங்களில் வாதம் நடக்கிறது. உலக வரலாற்றில் இன்னும் தீராத ஒரு கேள்வியை எடுத்து இரண்டு பக்கமாகப் பேசுவோம். கொலம்பசுக்கு முன் கடல் வழியாக அமெரிக்காவுக்குப் போனவர்கள் யார், நெப்போலியன் நோயில் இறந்தாரா நஞ்சில் இறந்தாரா, ரோமாபுரி தானாக எரிந்ததா யாரும் கொளுத்தினார்களா என்றெல்லாம் பேசியிருக்கிறோம். இவற்றுக்கு எங்களில் எவரிடமும் முடிவான பதில் இல்லை. பெரிய பெரிய பேராசிரியர்களிடமும் இல்லையாம். படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அறுபத்தேழு வயது வரை எண்ணியிருந்த எனக்கு, அவர்களும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று இரண்டு முறை தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். அவ்வளவு சந்தோசம்.

3. எங்கள் வாதத்தின் முறை பற்றித் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். பேச்சாளர் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டு எடுத்துத் தீர்மானிப்போம். விருப்பம் கேட்பதில்லை. வந்திருப்பவர்கள் மண்டபத்தில் இரண்டு பக்கமாகக் கதிரை போட்டு இருப்பார்கள். பேச்சு முடிந்ததும், மற்றப் பக்கம் சொன்னது சரி என்று மனதில் பட்டவர், தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இருப்பார். கதிரையை எண்ணினால் வெற்றி தெரிந்துவிடும். இது தலைவர் தில்லைநாதன் மாஸ்டர் கண்டுபிடித்த முறை. கையை உயர்த்துவது சுலபம், கதிரையைத் தூக்குபவன் யோசித்துத்தான் தூக்குவான் என்பார். அவர் சொன்னது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு விதியும் உண்டு. வாதத்தின் நடுவில் எழுந்து போகும் பேச்சாளரை ‘வெளியேறினார்’ என்று எழுதுவார்கள். அவருக்கு ஆறு மாதம் பேச்சு இல்லை. நெப்போலியனுக்கு நஞ்சு வைத்த இடத்தில் ஒருவர் பேச்சை அப்படியே விட்டுவிட்டு வயலில் தண்ணீர்ப் பம்பியை நிறுத்த ஓடிப்போனார். அதன் பிறகு வந்த விதி அது.

4. ஓகஸ்ட் 24ஆம் திகதிக் கேள்வி: எகிப்து நாட்டுப் பிரமிட்டுகளைக் கட்டியவர்கள் அடிமைகளா, இல்லையா? ‘அடிமைகள்’ என்ற சீட்டு எனக்கு வந்தது. ‘அடிமைகள் அல்லர்’ என்ற சீட்டு முத்துலிங்கத்துக்கு வந்தது. இவர் வட்டக்கச்சியிலிருந்து ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வருகின்ற கமக்காரர். இவருடைய தகப்பனார் ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்.

5. முத்துலிங்கம் முதலில் பேசினார். அந்தக் கல் வேலைக்காரர் இருந்த ஊரைத் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்றார். ரொட்டி சுட்ட அடுப்புகளும், தின்ற மாட்டு எலும்புகளும் கிடைத்திருக்கின்றனவாம். முறிந்து பொருந்திய கையெலும்புகள் கிடைத்ததால் வைத்தியமும் பார்த்திருக்கிறார்கள். பிரமிட்டுக்குப் பக்கத்திலேயே கல்லறை கட்டியும் புதைத்திருக்கிறார்கள். அடிமைக்கு இதெல்லாம் யார் செய்வார் என்று கேட்டார். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னதை அவருடைய வாய்ச்சொல்லாகவே தருகிறேன்: “காலபோக விதைப்புக்கு முன்னம் வாய்க்கால் துப்புரவாக்க எங்களைக் கூப்பிடுகினம். ஏக்கருக்கு இவ்வளவு தூரம் எண்டு தடி நட்டு விடுகினம். போகாட்டித் தண்ணி இல்லை. மண்வெட்டியும் எங்கட, வேர்வையும் எங்கட. அதுக்காக நாங்கள் அடிமையளோ?”

சபை கைதட்டியது. நானும் தட்டினேன். எதிர்ப் பேச்சாளர் தட்டக்கூடாது என்று மாஸ்டர் கையைக் காட்டினார்.

6. அடுத்து நான் பேசினேன். அறிக்கையில் என் பேச்சு முழுவதும் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருப்பதால், அதைச் சுருக்கமாக இங்கே எழுதவேண்டியிருக்கிறது.

நான் பிறந்த தோட்டத்தில் எங்களுக்கும் அரிசி கொடுத்தார்கள். இருக்க லயத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். கை முறிந்தால் கட்டுப்போட மருந்துக்காரர் இருந்தார். புதைக்கவும் தோட்டத்துக்குள்ளேயே இடம் இருந்தது. முத்துலிங்கம் சொன்ன நான்கும் எங்களுக்கும் இருந்தன. என் தாத்தா இளவயதில், அக்காள் வாழ்க்கைப்பட்ட பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைமாறிப் போகக் கேட்டாராம். அந்தக் காலத்தில் துரை ‘துண்டு’ எழுதிக் கொடுத்தால்தான் ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்தில் வேலை பெறலாம். துரை எழுதிக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு ஓடைதான். அக்காளின் வீட்டுப் புகை இந்தப் பக்கத்திலிருந்து தெரியுமாம். ஒன்பது வருடம் புகையைப் பார்த்துக்கொண்டு கொழுந்துக் கூடை சுமந்தார். ஆகவே சாப்பாடு கிடைத்ததா என்று கேட்டு அடிமையைக் கண்டுபிடிக்க முடியாது, போகிறேன் என்று சொன்னவனை விட்டார்களா என்று கேட்கவேண்டும் என்றேன்.

மேலும் ஒன்றைச் சொன்னேன். அந்தக் காலத்துக் கங்காணி ஒருவர், மெரர் என்று பெயர், தன் ஆட்கள் எந்த நாள் எங்கே கல் ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள் என்று எழுதிய நாட்குறிப்பு எகிப்தில் கிடைத்திருக்கிறது. பேத்தி கைத்தொலைபேசியில் அதன் படத்தைக் காட்டினாள். கோடு போட்டு, நாள் போட்டு, எங்கள் தோட்டத்துச் செக்ரோல் பதிவுப் புத்தகம் மாதிரியே இருந்தது. யார் வேலைக்கு வந்தார்கள் என்று செக்ரோலில் இருக்கும். போகக் கேட்டவன் பெயர் எந்தச் செக்ரோலிலும் இருக்காது. மெரரின் புத்தகத்தில் இருக்கிறதா என்பதை எவராவது வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்ந்தேன்.

7. இனித்தான் பிரச்சினை. மாஸ்டர் கதிரை மாற்றச் சொன்னார். நான் என் கதிரையில் இருந்தபடி முத்துலிங்கத்தின் வாய்க்காலை யோசித்துக்கொண்டிருந்தேன். கல்மடுக்குளத்து வாய்க்காலுக்கு நானும் நாற்பது வருடமாகப் போகிறேன். போகாவிட்டால் தண்ணீர் இல்லை என்பது எனக்கும் பொருந்தும். ஆனால் அந்த நாட்களில் நான் சிரிக்கிற மாதிரி வேறு நாட்களில் சிரிப்பதில்லை. எங்கள் வாய்க்கால் கூட்டத்துக்கு ‘இடிமின்னல்’ என்று பெயர்கூட வைத்திருக்கிறோம். அந்தக் கல் வேலைக்காரரும் தங்கள் கூட்டங்களுக்கு ‘மன்னனின் நண்பர்கள்’ என்ற மாதிரிப் பெயர்களைக் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்களாம். அடிமைகளாக இருந்தால் அப்படி எழுதுவார்களா? எனக்கு என் பக்கமே சந்தேகமாகிவிட்டது. முறைப்படி எழுந்து கதிரையைத் தூக்கினேன்.

மண்டபத்தின் நடுவில் முத்துலிங்கம் தன் கதிரையோடு எதிரே வந்தார்.

“அக்கா, எங்க போறியள்?”

“உங்க பக்கந்தான் தம்பி. நீங்க?”

“நான் உங்கட பக்கமெல்லோ வாறன்! உங்கட தாத்தான்ர புகைக்கு என்னட்ட மறுமொழி இல்லை.”

சபை சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற நாய்கள் குரைத்தன. தூக்கிய கதிரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏழு பேர் நடுவிலேயே வைத்து இருந்துவிட்டார்கள். “இதென்ன கதிரை விளையாட்டோ?” என்று மாஸ்டர் மேசையில் தட்டினார். பேச்சாளர் பக்கம் மாறுவதற்கு விதியில் இடமில்லை, வாதம் செல்லாது என்று அறிவித்து முடித்துவிட்டார். நான் முத்துலிங்கம் பேசிய பக்கத்தில், என் கதிரையில், தேத்தண்ணீர் கொடுத்து முடியும்வரை இருந்தேன்.

8. மறுவாரம், 31ஆம் திகதி, எங்கள் வாசிகசாலைச் செயலாளர் சுதர்சினி சென்ற வார அறிக்கையை வாசித்தார். அதில் பின்வருமாறு இருந்தது: “திரு. முத்துலிங்கம் தமது கருத்தை மீளாய்வு செய்தார். திருமதி ராக்காயி வாதத்திலிருந்து வெளியேறினார். அவரது உரை குடும்பக் கதையாக அமைந்தமையால் நீக்கப்படுகிறது.” வாசித்த சுதர்சினியே நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொரு விதியும் வந்தது. இனிமேல் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் வரலாறு சித்தியடைந்தவரே பேசலாம், மற்றவர்கள் கேட்கலாம். முத்துலிங்கம் எழும்பி, “மாஸ்டர், நானும் அவவும் ஒரே நேரத்திலதான் கதிரை தூக்கினனாங்கள். எனக்கு மீளாய்வு, அவவுக்கு வெளியேற்றமோ?” என்று கேட்டார். அறிக்கை எழுதியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு, பிரதி பிரதேச சபைக்குப் போயிட்டுது, இனிச் சபைதான் திருத்தலாம் என்று மாஸ்டர் பதில் சொன்னார். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

9. மாஸ்டர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. எனக்கு ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைத் தந்து, வாசித்து முடித்ததும் எட்டாம் வகுப்புப் புத்தகத்தையும் தந்தவர் அவர்தான். ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று எல்லோருக்கும்தான் சொல்லுவார். என் தாத்தாவின் கதைக்கு என்னிடம் கடதாசி இல்லை என்பதும் உண்மை. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டி 2009 யுத்தத்தில் போன இடம் தங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆதாரம் போதாது என்று அறிக்கையில் எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். பேசவே இல்லை என்ற மாதிரி வெட்டியதைத்தான் ஏற்கமுடியவில்லை.

10. என் கணவர் வீரபாகு இதைக் கேட்டுவிட்டு, “கல்ல இழுத்தவன் செத்து நாலாயிரத்து ஐந்நூறு வருசமாச்சு. ஒனக்கு என்னா அவசரம்?” என்றார். அவருக்குச் சொன்னதையே தங்களுக்கும் சொல்கிறேன். மெரர் எழுதியதை இத்தனை காலம் கழித்து உலகம் முழுவதும் நம்புகிறது. சுதர்சினி எழுதியதையும் நாளைக்கு யாரோ ஒருவர் எடுத்து வாசிப்பார். அது என் பேத்தியாகவும் இருக்கலாம். கதிரையைத் தூக்கிக்கொண்டு யோசித்துப் போன ஒரு மனுசியை, கோபித்துக்கொண்டு வாசலால் போனவள் என்று அவள் வாசிக்கக்கூடாது.

11. ஆகவே தங்களிடம் கேட்பவை:

அறிக்கையில் ‘வெளியேறினார்’ என்பதை வெட்டி, முத்துலிங்கத்துக்கு எழுதிய சொல்லையே எனக்கும் எழுதுவிக்கவேண்டும். அல்லது எங்கள் இருவருக்கும் ‘கதிரை மாற்றினார்’ என்று எழுதினாலும் போதும்.

என் பேச்சைத் திரும்பச் சேர்க்கவேண்டும். அதன் கீழே ‘ஆதாரம் காட்டப்படவில்லை’ என்று மாஸ்டர் எழுதட்டும். நான் மறுக்கமாட்டேன்.

சாதாரண தர விதியை நீக்கவேண்டும். கேள்விக்குப் பதில் எவருக்கும் தெரியாதபோது, சித்தியடைந்தவருக்கு மட்டும் தெரியாமலிருக்க உரிமை கொடுப்பது எனக்கு விளங்கவில்லை.

மாஸ்டருக்கு எந்தத் தண்டனையும் வேண்டாம். அந்தக் கேள்வியை இன்னொரு ஞாயிறு திரும்ப வைக்கச் சொன்னால் போதும். எந்தச் சீட்டு வந்தாலும் பேசுவேன். முத்துலிங்கத்தின் வாய்க்காலுக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் துப்புரவுக்குப் போகும்போது தடி நட்ட இடத்தில் நின்று திரும்பவும் யோசிப்பதாக இருக்கிறேன்.

12. செப்டெம்பர் 28ஆம் திகதி ஒட்டுசுட்டானில் ஆறு வாசிகசாலைகள் கூடி வாதம் செய்கின்றன. எங்கள் பெயர்ப்பட்டியலில் என் பெயர் இருந்தது, இப்போது இல்லை. அதற்கு முன் தங்கள் பதில் கிடைத்தால் பேச்சாளர் வரிசையில் இருப்பேன். கிடைக்காவிட்டாலும் காலை ஏழரைப் பேருந்தில் போய், கேட்பவர் வரிசையில் கதிரை போட்டு, கடைசிப் பேச்சு முடியும்வரை இருப்பேன். அன்றைய அறிக்கையை எழுதப்போகிறவருக்கும் இதைத் தாங்கள் தயவுசெய்து முன்கூட்டியே அறிவித்து வைக்கவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வீ. ராக்காயி
(கையெழுத்து)

இடம்: பாலையடி, தர்மபுரம்
திகதி: 03.09.2025

சாட்சி: மேலே எழுதியது உண்மை. நானும் அதே நேரத்தில்தான் கதிரையைத் தூக்கினேன்.
க. முத்துலிங்கம், வட்டக்கச்சி
(கையெழுத்து)