பெயர் கேட்டு வந்தவர்கள்

அம்மா,

இன்று காலை நம் வாசலில் பூட்ஸ் பாலிஷ் வாசனை அடித்தது. ரப்பர் பால் புளித்த நாற்றமும் அடுப்புப் புகையும் தவிர வேறெதுவும் அண்டாத இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அந்த வாசனை வந்தால் உங்களுக்கு உடனே மூக்கு விடைக்கும். எனக்கும் விடைத்தது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வீட்டில்தான் இருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தால், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். சாதாரண சட்டைதான், ஆனால் காலில் பளபளவென்று பூட்ஸ்.

“நிரோஷா கியலா லமயெக் மெஹெ இன்னவாத?” நிரோஷா என்று ஒரு பிள்ளை இங்கே இருக்கிறாளா என்று சிங்களத்தில் கேட்டார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டு நிரோஷாதான் அம்மா. நீங்கள் கண்மூடியபோது பள்ளிக்கூடச் சட்டையில் திரிந்தவள், இப்போது பல்கலைக்கழகம் போய் கெம்பஸில் படிக்கிறாள். அவள் அம்மா பால் வெட்டப் போயிருந்தாள். ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வந்தவர்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு உங்களைத்தான் நினைத்தேன்.

நீங்கள் யாரைத்தான் நம்பினீர்கள்? தடுப்பூசி போட வந்த மிஸ்ஸிடமே ஊசியைக் காட்டச் சொன்னவர். கோயிலுக்குப் புதிதாக வந்த ஐயர் கொடுத்த பொங்கலை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டீர்கள். அப்படிப்பட்ட உங்களிடம் நானும் கெம்பஸில் படித்த காலத்தில் வந்து, அங்கே மாணவர்களுக்கு இராணுவ அதிகாரிப் பயிற்சி கொடுக்கிறார்கள், நான் சேரப்போகிறேன், நன்றாகச் செய்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிக்கப் புலமைப்பரிசில் உண்டு என்று ஒரே மூச்சில் சொன்னேன். நீங்கள் ரொட்டி மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“சாப்பாடு அவங்களுது, உடுப்பு அவங்களுது, ப்ளேன் டிக்கட்டும் அவங்களுது. அப்ப இதுல ஒன்னோடது என்னாடி?”

“என் மூளைம்மா.”

“அதத்தான் கேக்குறேன். அத எடுத்துக்கிட்டு என்னத்த திருப்பிக் குடுப்பாங்க?”

சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது.

பயிற்சி எனக்குப் பிடித்திருந்தது அம்மா, இதை உங்களிடம் சரியாகச் சொன்னதே இல்லை. சனிக்கிழமை காலைகளில் மைதானத்தில் அணிவகுத்து நிற்கையில், தோட்டத்துப் பெண் என்று யாரும் என்னைக் கீழே பார்க்கவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. புலமைப்பரிசிலுக்கு என் பெயரையும் எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், அது வழக்கமான வேலை, பயப்படாதே என்றார் பயிற்சி அதிகாரி. எனக்கென்ன பயம்? போகிற நாட்டில் பனி பெய்யுமாம், நான் கம்பளிச் சட்டைக்குக் கடன் சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் அதே அதிகாரி கூப்பிட்டு, “நீ கொடுத்த விலாசத்தில் அப்படி ஒரு பெண்ணே இல்லையாம். லயம் முழுக்கக் கேட்டுவிட்டார்கள்” என்றார். பொய் விலாசம் கொடுத்தவளுக்குப் பயிற்சியும் இல்லை, பயணமும் இல்லை. நான் அழுது விளக்கியது எதுவும் எடுபடவில்லை.

இரத்தினபுரிக்கு, வீடு திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். என்னோடு போட்டியில் இருந்த அறைத்தோழி யாருக்காவது போன் பண்ணியிருப்பாளோ? தோட்டத்துக் கிளாக்கருக்கு நம்மைக் கண்டாலே ஆகாதே, அவர் வேலையோ? கிராம சேவகரோ? நான் தமிழ்ப்பெண் என்பதால் விசாரிக்க வேண்டியவர்களே வராமல் எழுதிவிட்டார்களோ? வீட்டுக்குள் நுழையும்போது எனக்கு ஊரில் ஒரு மனிதர்கூட நல்லவராக மிஞ்சியிருக்கவில்லை.

“எவ பண்ண வேலைன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்” என்று பையை விசிறினேன்.

நீங்கள் பால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “கண்டுபிடிக்க என்னா இருக்கு? நாந்தான் சொன்னேன், அப்பிடி ஒரு புள்ள இங்க இல்லேன்னு” என்றீர்கள். “நான் சொன்னா லயத்துல மத்தவங்க வேற மாதிரியா சொல்லுவாங்க?”

அது நம் லயத்தின் பழக்கம். பூட்ஸ் போட்டவன் பெயர் சொல்லிக் கேட்டால் முதல் வீடு தெரியாது என்னும். அவன் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் பிறந்து வளர்ந்த லயத்தில் நானே இல்லாமல் போனது இப்படித்தான்.

கத்தினேன். “ஏம்மா என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டீங்க?” என்றேன். அந்த நிமிடம் உங்களை வெறுத்தேன். நீங்கள் வாசல் பக்கம் பார்த்தபடி மெதுவாகத்தான் பேசினீர்கள்.

“ஒங்க மாமன கேட்டு வந்தப்பவும் இப்பிடித்தான் மரியாதையா கேட்டாங்க. சும்மா விசாரிக்கத்தான்னாங்க. நான் என்னா செஞ்சேன்? ஆமாங்க, என் தம்பிதான், உள்ளதான் தூங்குறான்னேன். எழுப்பியும் விட்டேன். சட்டைய மாட்டிக்கடான்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.”

மாமா ஜெயிலில் இருந்தார், திரும்பி வந்தார் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். சண்டைக் காலத்துச் சந்தேகம், பிறகு ஒரு குற்றமும் இல்லையென்று விட்டார்களாம். ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். வாசலைத் திறந்துவிட்டது நீங்கள் என்று யாரும் சொன்னதில்லை.

“அன்னைக்கு ஆமான்னேன்” என்றீர்கள். “இனிமே எவன் கேட்டாலும் ஆமான்னு சொல்ல மாட்டேன். நீ என்னைய திட்டிக்கிட்டே இங்கன இரு. அது போதும்.”

இருந்தேன் அம்மா. திட்டிக்கொண்டேதான் இருந்தேன். பட்டம் முடித்து, கலவான பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, கடைசிவரை உங்கள் பக்கத்திலேயே. பனி மட்டும் இன்றுவரை பார்க்கவில்லை.

அதனால்தான் நிரோஷா வந்து அதே பயிற்சி, அதே புலமைப்பரிசில் என்று கண்கள் மின்னச் சொன்னபோது, “போ” என்று முதலில் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு உள்ளே வந்து யோசித்தேன். இத்தனை காலம் கண்ணில் படாத நம் பிள்ளைகள் இவர்கள் கண்ணுக்கு இப்போது மட்டும் எப்படித் தெரிகிறார்கள்? நீங்கள் என் வாயில் உட்கார்ந்து பேசுவது எனக்கே கேட்டது.

இன்றைக்கு வந்தவர்களை நான் சும்மா விடவில்லை. இருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தேன். எந்த முகாம், யார் அனுப்பினார், எதற்கு என்று குடைந்தேன். மூத்தவர் சிரித்து, “ஐ டீச்சர், பயத?” என்றார். ஏன் டீச்சர், பயமா என்று கேட்கிறார். நம் லயத்து வாசலில் நின்றுகொண்டு கேட்கிறார்!

‘நே மஹத்தயா, இல்லை ஐயா, அப்படி யாரும் இங்கே இல்லை’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள், நிரோஷா தன் பெயரை யார் அழித்தது என்று பஸ்ஸில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்திருப்பாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன் அம்மா. இந்த வீடுதான், நல்ல பிள்ளை, எனக்குக் குழந்தையிலிருந்தே தெரியும் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். உங்களிடமும் அப்படித்தானே பேசினார்கள்?

சரியாகத்தான் செய்தேன் என்று என் அறிவு சொல்கிறது. ஆனாலும் றோட்டில் மோட்டார் சைக்கிள் போகும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நிரோஷா வருவாள். ஸ்டாண்டிலேயே போய் நிற்கப்போகிறேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.